விறாந்தையை இடிக்கல்ல, மகன்

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பின காசு கிடைச்சுது. நாங்க சுகம். முன் விறாந்தையை இடிச்சுப்போட்டுக் கொங்கிறீட் சிலாப் போடச் சொல்லியிருந்தாய். இடிக்கல்ல. கோவிக்காம முழுக்க வாசி.

மேசனார் வந்து செவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அடியில மூணடி உயரத்துக்கு வெறுஞ்சத்தம். 2004 சுனாமிக்குப் பிறகு வீடு திருத்த வந்தவங்க பழைய சுண்ணாம்புச் சாந்துக்கு மேல சீமெந்து பூசிட்டுப் போனாங்களே, அந்தப் பூச்சுத்தான். நிலத்து ஈரம் செவருக்குள்ளால ஏறும். சுண்ணாம்பு அதைக் காயவிடும், சீமெந்து அடைச்சுப்போடும். கொத்தி எடுக்கக்குள்ள உள்ளுக்கெல்லாம் உப்புப் பூத்திருந்திச்சு. நம்மட ஆரையம்பதியில ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, உப்புக்கு என்ன பஞ்சம்? இப்ப ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூணு பங்கு ஆத்து மண் போட்டுப் பூசுறாங்க. கடல்மண் ஒரு தாச்சிகூடச் சேர்க்க விடல்ல. முந்திக் கல்குடாப் பக்கம் கடல் முருகைக்கல் சுட்டுச் சுண்ணாம்பு வரும். இப்ப முருகைக்கல் உடைக்கத் தடை, அதுவும் நல்லதுதான். பை சுண்ணாம்பு வாங்கினம்.

சிலாப் கதைக்கு வாறன். அஞ்சு அங்குலத்துக்குப் போட்டா ஒரு சதுர அடி 30 கிலோவுக்குக் கிட்ட வருமாம். ஓடு அஞ்சு கிலோவும் வராது. கம்பித்தூண் இல்லாத செவர் அதைத் தாங்காது. தாங்க வைக்கிறதெண்டா அத்திவாரத்திலயிருந்து புது வேலை. அதோட வெயில் குடிச்ச சிலாப்புக்குக் கீழ பின்னேரத்தில ஆர் இருக்கிறது? நீ அங்க ஹீற்றரோட இருந்து யோசிக்கிறாய்.

தூண் நாலும் முதிரை. மரவேலை ஓடாவி ஸ்குரூ டிரைவரால குத்திப் பார்த்தார். மூணில ஏறவேயில்ல. படிக்கட்டுப் பக்கத்துத் தூணில மட்டும் அடியில பிடி வரைக்கும் இறங்கிச்சு. கூரைப் பீலியில ஓட்டை, மழைத்தண்ணி முழுக்க அந்தக் காலடியிலதான் விழுந்திருக்கு. கூரைக்கு முட்டுக் குடுத்து, உளுத்த ஒண்டரை அடியை அறுத்து, பழைய முதிரைத் துண்டொண்டைப் பாதிக்குப் பாதி செதுக்கிப் பொருத்தி ரெண்டு போல்ட் முறுக்கினார். பொருத்தின இடத்தைச் சரிவா வெட்டினவர், தண்ணி உள்ளுக்கு நிக்காம வழியட்டும் எண்டு. அடியில நாலு அங்குலம் கொங்கிறீட் கட்டி, மரம் நிலத்தில முட்டாம நிறுத்தியிருக்கு. கறையான் வந்தாலும் கண்ணுக்குத் தெரியும். நான் கதிரையைப் போட்டுப் பக்கத்திலயே இருந்து பார்த்தன். அப்பாவுக்கு என்னில சிரிப்பு.

கூரை ஓடெல்லாம் கழட்டி ஊத்தை கழுவி அடுக்கியாச்சு. உடைஞ்சதுக்குப் பழைய வீடு இடிக்கிற இடத்தில வாங்கினம். கைமரம் ஒவ்வொண்டையும் தூணுக்கு மேல போற வளையோட துத்தநாகம் பூசின தகட்டால கட்டச் சொன்னது அப்பா. 1978 சூறாவளி நவம்பர் 23 இரவு அடிச்சது. காத்து விறாந்தைக்குள்ள புகுந்து அடியிலயிருந்து தூக்கினபடியா முதல்ல போனது அந்தக் கூரைதான் எண்டு அவர் இப்பவும் சொல்லுவார். வெறும் இரும்பாணி உப்புக்காத்துக்கு நாலு மாரி நிக்காது.

மாரி தொடங்க முதல் பீலியும் மாட்டிப்போடுவாங்க. நீ அனுப்பினதில பாதிக்கு மேல மிச்சம். அதில குசினிக் கூரையைப் பார்ப்பம், இனி அனுப்பாத.

தூணுக்கு எண்ணெய் பூசுறதா, பெயின்டா எண்டு மருமகளிட்டக் கேட்டு எழுது. பச்சை மட்டும் வேணாம்.

அம்மா