ரிலீவர் இல்லாத அரை மணி நேரம்

சேலம், அம்மாபேட்டை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான் என்றாயே, கமலா அதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போனோம். மச்சான் வேலை பார்க்கும் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறார்கள், குளிர் கொன்றுவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மகன் வேலை பார்க்கும் கலிபோர்னியா எண்ணெய் ஆலையில், ஓய்வு நேரத்திலும் வாக்கி டாக்கியை இடுப்பில் வைத்திருக்க வேண்டும் என்று கோபமாக எழுதியிருந்தாய். நீ அனுப்பிய சட்டக் குறிப்பை என் மகள் படித்துச் சொன்னாள். நான்கு மணி நேர வேலைக்குப் பத்து நிமிடம் சம்பளத்தோடு ஓய்வு. காவலாளிகள் போட்ட வழக்கில், ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு இருப்பது ஓய்வே ஆகாது என்று 2016இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அப்புறம் 2018இல் எண்ணெய் ஆலைகளில் பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்: ரேடியோ வைத்திருக்கச் சொல்லலாம், ஆபத்து என்றால் கூப்பிடலாம். ஆனால் கூப்பிட்டால் சீக்கிரமே வேறு ஓய்வு தர வேண்டும், முடியாவிட்டால் ஒரு மணி நேரச் சம்பளம் கூடுதலாகத் தர வேண்டும்.

உனக்குக் கோபம் வருகிறது, எனக்குப் பொறாமைதான் வந்தது. விலக்குக்கு ஒரு விலை வைத்திருக்கிறார்களே!

நீ எலக்ட்ரீஷியன், பாய்லர் பக்கம் வந்ததில்லை. எங்கள் சாயப்பட்டறையில் நான் ஓட்டும் பாய்லர் விறகில் எரிவது. வாட்டர் கேஜ் கண்ணாடியில் தண்ணீர் மட்டம் இறங்கிவிட்டால் உள்ளே இருக்கும் குழாய்கள் காய்ந்து பழுக்கும். பதறிப்போய், உள்ளே தண்ணீர் ஏற்றும் ஃபீட் பம்ப்பைப் போட்டால் அதுதான் எமன். பழுத்த இரும்பில் தண்ணீர் பட்டு ஒரே நேரத்தில் ஆவியாகும், பாய்லர் வெடித்தாலும் வெடிக்கும். தண்ணீர் விடாமல் தீயை இழுத்துப் போட வேண்டும். விறகுத் தீக்கு சுவிட்ச் கிடையாது. அதனால்தான் தகுதிச் சான்றிதழ் உள்ள ஆள் பொறுப்பில் இல்லாமல் பாய்லரை ஓட்டக்கூடாது என்று 1923ஆம் ஆண்டு பாய்லர் சட்டமே சொன்னது.

இதே ஆளுக்கு 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் சொன்னது வேறு. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, குறைந்தது அரை மணி நேரம் இடைவேளை விட வேண்டும். ஷிப்டுக்குச் சான்றிதழ்க்காரன் ஒருவன்தான் என்றால் அவன் என்ன செய்வான்? எழுந்து போனால் ஒரு சட்டம் உடைகிறது, உட்கார்ந்தால் இன்னொன்று. தொழில்நுட்பக் காரணத்தால் நிறுத்தாமல் ஓட்ட வேண்டிய வேலைகளுக்கு மாநில அரசு விதி போட்டு விலக்குத் தரலாம் என்று அதே சட்டத்தின் 64ஆம் பிரிவு வழி விட்டிருந்தது. வழி விட்டது தப்பில்லை. நீராவி மணி பார்த்து நிற்காது. ஆனால் விட்டுப்போன அந்த அரை மணிக்கு உங்கள் ஊர் மாதிரி ஒரு மணிச் சம்பளம் இங்கே இல்லை.

நடப்பது இதுதான். விறகு போடும் ஃபயர்மேன் பையன் டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து வைப்பான். ஒரு கண் கேஜில், ஒரு கை சோற்றில். ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால் அவனை நிறுத்திவிட்டு ஓட வேண்டும். அவன் கெட்டிக்காரன்தான், ஆனால் சான்றிதழ் இல்லை. ஏதாவது ஆனால் அவன் பெயரும் கெடும், என் பெயரும் கெடும். ரிஜிஸ்டரில் மட்டும் இடைவேளை அரை மணி என்று தினமும் ஒழுங்காக இருக்கும்.

முதலாளியிடம் கேட்டால், இன்னொரு சான்றிதழ்க்காரனுக்கு யார் சம்பளம் கொடுப்பது என்கிறார். சாயத் தொழில் இருக்கும் நிலையில் அது முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அசந்துபோன ஆளை வைத்து ஓட்டுவதிலும் செலவு இருக்கிறது. 2005 மார்ச்சில் டெக்சாஸ் சிட்டி எண்ணெய் ஆலை வெடித்து 15 பேர் செத்தார்கள் இல்லையா? அங்கே ஆபரேட்டர்கள் 29 நாளும் அதற்கு மேலும் விடாமல் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்த்திருந்தார்கள் என்று விசாரணையில் வந்தது. அது மட்டுமே காரணம் இல்லை, அளவுமானியும் தப்புக் காட்டியது. ஆனால் தப்புக் காட்டும் கருவியைச் சந்தேகப்படுவதற்குத் தெளிந்த மூளை வேண்டுமே.

மச்சானின் எஸ்டேட்டிலும் பழைய தோட்டத் தொழிலாளர் சட்டப்படி இதே ஐந்து மணி, அரை மணிக் கணக்குதான் இருந்தது. அங்கே மணி அடித்ததும் எல்லாரும் கூடையை இறக்கிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். காப்பிப் பழம் அரை மணி நேரம் காத்திருக்கும்.

2023இல் பன்னிரண்டு மணி நேர வேலை மசோதா வந்தபோது ஊரெல்லாம் பேசினோம், மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். இந்த அரை மணியைப் பற்றி அன்றைக்கும் யாரும் பேசவில்லை. இப்போது 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்பது அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது, இடைவேளை எவ்வளவு என்பதை மட்டும் அரசு அறிவிப்புக்கு விட்டுவிட்டார்கள். அறிவிக்கும்போது நிமிடத்தைப் பற்றிச் சண்டை போடுவதைவிட, இத்தனை பாய்லருக்கு ஒரு ரிலீவர், அதாவது இடைவேளையில் மாற்றி நிற்கும் சான்றிதழ்க்காரன், என்று எழுதச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. சங்கத்துக் கூட்டத்தில் சொன்னேன், தலையாட்டினார்கள்.

உன் மகனிடம் ஒன்று கேட்டுச் சொல். ரேடியோ கூப்பிட்டு ஓய்வு கெட்டுப்போனால் அதை எழுதி வைப்பது யார், அவனா, சூப்பர்வைசரா? அந்த ஒரு மணிச் சம்பளம் சம்பளச் சீட்டில் தனி வரியாக வருகிறதா? அடுத்த கூட்டத்தில் காட்ட முடிந்தால் நல்லது. அங்கே தட்டுவடை கிடைக்காது என்று தெரியும். யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
முருகேசன்