காலி வாளியில் விரிசல் தெரியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குலசேகரம் பக்கம் 28 ஆண்டுகளாக ரப்பர் பால்வெட்டும் பெண் நான். வயது 56. விடியும் முன்னே தலைவிளக்கோடு தோட்டத்தில் இறங்கி, மரத்துக்கு மரம் குனிந்து வெட்டி, பிறகு சிரட்டைப் பாலை வாளியில் சேர்த்துச் சுமப்பது பிழைப்பு. இரண்டு ஆண்டுகளாக இடுப்பில் வலி. ஐம்பது மரம் தாண்டுவதற்குள் இடது கால் மரத்துவிடும். கல்லில் உட்கார்ந்தால் தணியும். படுத்தால் அடியோடு போய்விடும்.

மருத்துவர் ஒருவர் எடுத்த எடுப்பிலேயே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதினார். ஒட்டுப்பால் விற்ற காசோடு கடனும் வாங்கி 7,000 ரூபாய் கட்டினேன். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். காதைத் துளைக்கும் அந்தச் சத்தத்தில் அரைமணி நேரம் கிடந்தும் இடுப்பு வலிக்கவே இல்லை! 'எலும்பு விலகல் இல்லை' என்று அறிக்கை வந்தது. அதன்பிறகு என் வலியை வீட்டிலேயே யாரும் நம்பவில்லை.

ஆறு மாதம் கழித்து நாகர்கோவிலில் வேறொரு மருத்துவர் என்னை நிற்கவைத்துப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தார். குனியவைத்து ஒன்று, பின்னால் வளையவைத்து ஒன்று. செலவு சில நூறு ரூபாய்தான். இடுப்பின் நான்காம் எலும்பு ஐந்தாவதன் மேல் முன்னோக்கிச் சறுக்கியிருந்தது. குனிந்தபோது இன்னும் நகர்ந்தது. ஐம்பது வயது கடந்த பெண்களுக்கு அந்த இடத்தில்தான் இது அதிகம் வருமாம். பழைய ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, எலும்பின் பின்பக்க மூட்டுகளில் வெள்ளையாக நீர் கோத்திருப்பதையும் காட்டினார். மூட்டு தளர்ந்ததற்கு அது ஓர் அடையாளம். அதைப் பார்த்தாவது முன்பே ஒருவர் நிற்கவைத்து எடுக்கச் சொல்லியிருக்கலாம்.

நிற்கும்போது உடல் பாரம் எலும்பைத் தள்ளுகிறது; படுத்தால் பாரம் இறங்கி, சிலருக்கு அது பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. வாளியின் காதில் விரிசல் இருந்தால் பால் நிறைத்துத் தூக்கும்போதுதானே தெரியும்?

எம்.ஆர்.ஐ.யை நான் குறை சொல்லவில்லை. என் கால் நரம்பு நெருக்கப்பட்டிருப்பதைத் தெளிவாகக் காட்டியது அதுதான். கால் பலமிழந்தாலோ சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ உடனே அதை எடுத்தே ஆக வேண்டும் என்றும் நாகர்கோவில் மருத்துவர் சொன்னார். ஆனால் என்னைப் போல நின்றால் வலித்துப் படுத்தால் தணிகிறவர்களுக்கு, நிற்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயை முதலில் எழுதக் கூடாதா? ஸ்கேன் மையங்களும் 'படுத்த நிலையில் எடுத்தது. நிற்கும்போது விலகல் இருக்கக்கூடும்' என்று அறிக்கையில் ஒரு வரி சேர்க்கலாமே.

300 மரம் வெட்டியவள், இப்போது இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு 120 வெட்டுகிறேன். ஸ்கேன் கடனில் இன்னும் 2,000 ரூபாய் பாக்கி.

பால்வெட்டும் தொழிலாளி ஒருத்தி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்