படிக் கணக்கும் கிலோ கணக்கும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தீபாவளிப் பட்டியல்கள் வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கிவிட்டன. பாதி கிலோவில் இருக்கின்றன, மீதி படியிலும் டம்ளரிலும் கப்பிலும். "பச்சரிசி ரெண்டு படி, மல்லி ஒரு படி, மைதா நாலு கப்" என்றால் எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கடைத் தராசுக்குக் கிராம் மட்டும்தான் தெரியும்.

முதலில் படி. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது சரி, அந்த ஆழாக்கே ஊருக்கு ஊர் சிறிதும் பெரிதுமாக இருந்தது. 1956-ல் சட்டம் போட்டுக் கிலோவும் லிட்டரும் வந்துவிட்டன. பாட்டி கொடுத்த பித்தளைப் படி மட்டும் பல வீடுகளில் இன்னும் உழைக்கிறது. உழைக்கட்டும். ஆனால் ஒரே படியிலும் உள்ளே போடும் சாமானுக்கு ஏற்ப எடை மாறும். அரிசி 1 கிலோ 400 கிராம் பிடிக்கும் படியில் முழு மல்லியைக் கொட்டினால் அரைக் கிலோவைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். சாம்பார் பொடிக் குறிப்பில் உள்ள "மல்லி ஒரு படி"யை ஒன்றரைக் கிலோ என்று எடுத்துக்கொண்டு அரைத்தால், காரம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

கப் என்று சமையல் குறிப்புகளில் வருவது பெரும்பாலும் 240 மில்லி. அதில் அரிசியோ சர்க்கரையோ சுமார் 200 கிராம் பிடிக்கும். ரவை 170, அரிசி மாவு 150, எண்ணெய் 220. ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லிதான், அதைக் கொண்டு கேக் குறிப்பை அளக்காதீர்கள்.

மாவில்தான் தகராறே. மைதாவைக் கரண்டியால் மெல்ல அள்ளிப் போட்டுத் தலை தட்டினால் ஒரு கப்பில் 120 கிராம் சொச்சம். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 வரை போகும். நாலு கப்புக்கு நூறு கிராமுக்கு மேல் வித்தியாசம்! மில்லில் இப்போதுதான் அரைத்து வந்த மாவு பொலபொலவென்று இருக்கும், பாக்கெட் மாவு படிந்திருக்கும். ஒரே முறுக்குக் குறிப்பு ஒரு நாள் சரியாக வந்து மறுநாள் பிழிய வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். எங்களைக் கேட்டால் மாவையும் வெல்லத்தையும் எடையில்தான் எடுக்க வேண்டும். வெல்லக் கட்டியை எந்தக் கப்பில் அளப்பது?

அதிரசத்துக்கு இன்னொன்று. அரிசியை ஊறவைக்கும் முன்பே எடை போட்டுவிடுங்கள். ஊறிய அரிசி தன் எடையில் ஏறத்தாழ கால் பங்கு தண்ணீரைக் குடித்திருக்கும். நிழலில் உலர்த்தினாலும் ஈரம் கொஞ்சம் நிற்கும், நிற்கவும் வேண்டும். அந்த ஈர மாவை நிறுத்து வெல்லக் கணக்குப் போட்டால் பாகு கூடிப்போய், அதிரசம் எண்ணெயில் பிரியும்.

இட்லிக்கு இந்தக் கவலையெல்லாம் வேண்டாம். இட்லி அரிசியும் முழு உளுந்தும் ஒரே டம்ளரில் ஏறக்குறைய ஒரே எடைதான். நாலுக்கு ஒன்று என்பது டம்ளரிலும் சரியாக வரும், தராசிலும் சரியாக வரும்.

உங்கள் டம்ளர் எத்தனை மில்லி என்று பார்க்கத் தராசு கூடத் தேவையில்லை. அரை லிட்டர் பால் பாக்கெட்டைப் பிரித்து ஊற்றிப் பாருங்கள். சரியாக இரண்டு டம்ளர் வந்தால் 250 மில்லி, இரண்டரை வந்தால் 200.

அப்புறம் எண்ணெய். லிட்டர் பாக்கெட்டை நிறுத்துப் பார்த்து, ஏன் ஒரு கிலோ இல்லை என்று கேட்கிறீர்கள். எண்ணெய் தண்ணீரை விட இலேசு. ஒரு லிட்டர் 910 கிராம் அளவில்தான் இருக்கும். சூடானால் விரியும் என்பதால், ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919 கிராம் என்றால், 60 டிகிரியில் 893 கிராம்தான். இந்த இடைவெளிக்கு இடம் தராமல், வெப்பநிலையைக் குறிப்பிடாமல் லிட்டரோடு எடையையும் அச்சிடச் சொல்லி மத்திய நுகர்வோர் துறை 2022-ல் உத்தரவிட்டது. இரண்டு பிராண்டின் விலையை ஒப்பிடும்போது கிராமைப் பாருங்கள்.

பட்டியலைக் கிலோவில் அனுப்பினால் எங்களுக்கு எளிது. படியில்தான் கை பழகியிருக்கிறது என்றால், உங்கள் படியில் அரிசி எத்தனை கிலோ பிடிக்கும் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள், மற்றதை நாங்கள் கணக்குப் போட்டுக்கொள்கிறோம். அதுவும் தெரியாவிட்டால் படியையே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், கடையில் நிறுத்துச் சொல்கிறோம். காலையில் கூட்டம் இருக்கும், மதியம் மூன்று மணிக்கு மேல் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் மளிகைக் கடை