169.254 வந்தால் ஃபார்மட் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இ-சேவை மையங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் நெட் வரவில்லை என்றால், "விண்டோஸ் போயிடுச்சு, ஃபார்மட் அடிச்சிடலாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அதற்கு முன் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) என்று தட்டிப் பாருங்கள். ஐபிவி4 முகவரி (நெட்வொர்க்கில் அந்தக் கம்ப்யூட்டரின் அடையாள எண்) 169.254 என்று தொடங்கினால், கம்ப்யூட்டர் முகவரி கேட்டிருக்கிறது, ரவுட்டரிடமிருந்து பதில் வரவில்லை, அதனால் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். ஒழுங்காகக் கேட்ட விண்டோஸை அழித்து என்ன பயன்?

லேன் போர்ட்டில் விளக்கு எரியாவிட்டால் முதலில் கேபிளை மாற்றுங்கள். ஆர்ஜே45 முனையில் கிளிப் உடைந்து லூசாக இருப்பது சகஜம். விளக்கு எரிந்தால் முகவரியைத் தற்காலிகமாகக் கையால் கொடுக்கலாம். ரவுட்டர் 192.168.1.1 என்றால், வேறு யாரிடமும் இல்லாத 192.168.1.240, சப்நெட் மாஸ்க் 255.255.255.0. பிறகு ரவுட்டருக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை, ping 192.168.1.1) அடியுங்கள். பதில் வந்தால் கேபிள், நெட்வொர்க் கார்டு இரண்டும் சரி; முகவரி வழங்கும் டிஹெச்சிபியில்தான் சிக்கல். வராவிட்டால் நெட்வொர்க் ஸ்விட்சில் (பல கேபிள்களை இணைக்கும் பெட்டி) வேறு போர்ட்டில் செருகிப் பார்க்க வேண்டும்.

கூட்டம் வரும் கடைகளில் அடிக்கடி நடப்பது முகவரி தீர்ந்துபோவது. ரவுட்டரில் 192.168.1.100 முதல் 149 வரை என்று வைத்திருந்தால் மொத்தமே 50 முகவரிதான். வந்தவர்களுக்கெல்லாம் வைஃபை பாஸ்வேர்டு கொடுத்தால், அவர்கள் கிளம்பிப் போன பிறகும் லீஸ் நேரம் (ஒரு முகவரியை வைத்துக்கொள்ளும் கெடு) முடியும்வரை அந்த முகவரிகள் அவர்கள் போன் பேரிலேயே கிடக்கும். பல ரவுட்டர்களில் அது 24 மணி நேரம். ரவுட்டரை அணைத்துப் போட்டதும் சரியாகி, சாயங்காலத்துக்குள் மறுபடி தகராறு செய்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். லீஸை 2 மணி நேரமாகக் குறைத்து, வரம்பை 20 முதல் 230 வரை விரித்துவிட்டால் போதும்.

பழைய ரவுட்டரை ஸ்விட்ச் மாதிரி பயன்படுத்தும் இடங்களில் வேறு கூத்து. அதுவும் முகவரி கொடுக்கத் தொடங்கிவிடும். மற்றவற்றில் 192.168.1 என்றிருக்க, ஒன்றில் மட்டும் 192.168.0 என்று வந்தால் காரணம் அதுதான். பழையதில் டிஹெச்சிபியை அணைத்துவிட வேண்டும்.

மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாம் முகவரி வாங்கி, ஒன்று மட்டும் அடம்பிடித்தால்தான் விண்டோஸ் பக்கம் போக வேண்டும். சர்வீசஸ் பட்டியலில் 'டிஹெச்சிபி கிளையன்ட்' ஓடுகிறதா, ஆன்டிவைரஸின் ஃபயர்வால் யுடிபி 67, 68 போர்ட்டுகளை மறிக்கிறதா என்று பாருங்கள். பிறகு கையால் கொடுத்த முகவரி இருந்தால் 'தானாகப் பெறு' என்று மாற்றிவிட்டு, 'ஐபிகான்ஃபிக் /ரினியூ' (ipconfig /renew). அதற்கும் மசியாவிட்டால் 'நெட்எஸ்ஹெச் இன்ட் ஐபி ரீசெட்' (netsh int ip reset) கொடுத்து ரீஸ்டார்ட் செய்யலாம். கையால் போட்ட அமைப்புகள் அதில் அழிந்துவிடும் என்பதால் முன்பே குறித்துக்கொள்வது நல்லது.

எப்படியானாலும் வேலை முடிவதற்குள், சோதனைக்காகக் கொடுத்த 240-ஐ எடுத்துவிட்டு, 'தானாகப் பெறு' என்று மாற்றிவிடுங்கள். அப்படியே விட்டுவைத்தால், நாளை யாராவது வரம்பை 254 வரை நீட்டும்போது அதே எண் ஒரு போனுக்கும் போய், இரண்டும் முட்டிக்கொள்ளும்.

இப்படிக்கு,
நெட்வொர்க் பராமரிப்பாளர்,
ஈரோடு