குழியில் உட்கார்ந்தால் எல்லாம் பிரைமரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் ‘கார்பைன் தோட்டாவுக்குச் சின்ன பிரைமர் எதை வைத்தாலும் குழியில் உட்கார்ந்துவிடும்’ என்று ஒரு வரி. (பிரைமர் என்பது தோட்டாவின் அடிக்குழியில் வைக்கிற, அடிபட்டால் பொறி கிளப்பி மருந்தைப் பற்றவைக்கிற சின்னக் கிண்ணம்; கார்பைன் என்பது ஒரு குட்டை ரைஃபிள்.) உட்காரும், அதை யார் இல்லையென்றார்கள். வம்பே அதில்தான் இருக்கிறது.

நான் ஏற்காட்டில் எஸ்டேட் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மூத்த மகள் டெக்சாஸில் இருக்கிறாள். அங்கே ஆறு மாதம் போய் இருந்தபோது சாயங்காலமானால் எனக்கு வேறு வேலை கிடையாது, மாப்பிள்ளை கராஜில் தோட்டா நிரப்ப உட்கார்ந்தால் நானும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வேன். அவரிடம் இருப்பது இரண்டாம் உலகப்போர் காலத்து எம்-1 கார்பைன், 60 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய துப்பாக்கி.

‘ஸ்மால்’ என்று விற்கிற பிஸ்டல் பிரைமர், ரைஃபிள் பிரைமர் இரண்டுக்கும் விட்டம் ஒன்றுதான், 0.175 அங்குலம். ஆனால் பிஸ்டல் பிரைமரின் கிண்ணம் மெல்லிய தகடு. கார்பைன் தோட்டா பார்வைக்கு நீட்டி வைத்த பிஸ்டல் தோட்டா மாதிரி இருக்கும், அதை நம்பி ஏமாறக்கூடாது, உள்ளே எழுகிற அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 40,000 பவுண்டு வரை போகும். அந்த அடியில் மெல்லிய தகடு ஓட்டையாகி, சூடான வாயு சுடுகிறவர் முகத்துப் பக்கமே சீறிவிடலாம். இன்னொரு சங்கதியும் உண்டு. இந்தத் துப்பாக்கியில் ஃபயரிங் பின்னை, அதாவது பிரைமரை அடிக்கிற ஊசியை, பின்னுக்கு இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங் இல்லை. போல்ட், அதாவது தோட்டாவைத் தள்ளிக் குழலின் பின்வாயை அடைக்கிற இரும்பு, வேகமாக மூடும்போது அந்த ஊசி தானாகவே முன்னே போய்ப் பிரைமரை லேசாக முட்டும். தகடு மெலிசாக இருந்தாலோ, பிரைமர் குழியைவிட்டு ஒரு மயிரிழை வெளியே நின்றாலோ, விசையைத் தொடாமலே வெடித்துவிட வாய்ப்புண்டு. அதனால்தான் மாப்பிள்ளை ஸ்மால் ரைஃபிள் தவிர வேறு வாங்கமாட்டார், ஒவ்வொன்றையும் அழுத்திய பிறகு விரலால் தடவிப் பார்ப்பார். நான் பேச்சுக் கொடுத்தால் பதிலே வராது.

அப்புறம் வெடிமருந்து. மலையில் நான் பார்த்து வளர்ந்தது நாட்டுத் துப்பாக்கி: குழல்வாயில் கரிமருந்தைக் கொட்டி, துணியைத் திணித்து, ரவை போட்டு, கேப்பு வைத்துச் சுடுவது. அங்கே ‘ஒரு சிட்டிகை குறைத்துப் போட்டால் பயமில்லை’ என்பார்கள். கார்பைனுக்குப் பெரும்பாலும் போடுகிற ஹெச்-110 (வின்செஸ்டர் 296 என்று வருவதும் அதே மருந்துதான், டப்பாதான் வேறு) அந்தக் கணக்குக்கு அடங்காது. எளிதில் பற்றாத மருந்து அது. குறைத்துப் போட்டால் சரியாக எரியாமல் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும், தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். குறிப்பிட்ட அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதே என்று மருந்து செய்கிற கம்பெனியே சொல்கிறது. அளவை நான் இங்கே எழுதப்போவதில்லை, அதைக் கம்பெனி புத்தகத்தில் பார்த்துத் தராசில் நிறுத்துத்தான் போடவேண்டும். பிரைமரை மாற்றினால் அந்தக் கணக்கையும் முதலிலிருந்து பார்க்கவேண்டும்.

கட்டுரையில் துருவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஐப்பசி மூட்டத்தில் வாழ்கிறவனுக்கு அது உறுத்தியது. பழைய பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது, சுட்டபின் குழலுக்குள் உப்பு படியும், உப்பு ஈரத்தை இழுக்கும். எங்கள் எஸ்டேட் பங்களாவில் இருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி அப்படித்தான் உள்ளுக்குள்ளேயே அரித்துப்போயிற்று. கார்பைனின் கேஸ் பிஸ்டனை, அதாவது வெடித்த வாயு தள்ளுகிற சிறு தண்டை, சிப்பாய் கழற்றித் துடைக்கமுடியாது, அதனாலேயே அமெரிக்க ராணுவம் அந்தத் தோட்டாவுக்குத் தொடக்கத்திலிருந்தே துருப்பிடிக்க வைக்காத பிரைமர்தான் கேட்டு வாங்கியது.

சேலத்துப் பையன்கள் யாராவது இதைப் படித்துவிட்டுக் கை அரித்தால், ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் தோட்டாவின் பாகங்களும், அதைச் செய்கிற இயந்திரமும்கூட தோட்டா கணக்கில்தான் சேரும்.

அந்த ஒரு வரிக்கு மட்டும் திருத்தம் போடுங்கள். வெளிநாட்டில் இருக்கிற நம் பிள்ளைகள் உங்கள் பத்திரிகையைச் செல்போனில் படிக்கிறார்கள். என் மாப்பிள்ளையே அதைப் படித்துவிட்டுத்தான், ‘என்ன மாமா, உங்க ஊர் பேப்பர்ல இப்படி எழுதியிருக்காங்க’ என்று ராத்திரி பதினொரு மணிக்கு என்னை எழுப்பினார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எஸ்டேட் ரைட்டர்,
ஏற்காடு