அம்மிணிக்கு, ஆடிக் காற்றில் எழுதியது

சங்ககிரி,
ஆடி 10

அம்மிணி,

இங்கே எல்லாரும் சௌக்கியம். நான்கு நாளாக மேல் காற்று தூக்கி அடிக்கிறது. நேற்று மொட்டை மாடியில் காய்ந்த உன் அம்மாவின் சேலை பறந்து போய் எதிர்வீட்டு முருங்கையில் மாட்டிக்கொண்டது. மரம் ஆடிய ஆட்டத்தில் யாருக்கும் கிட்டப் போக மனசு வரவில்லை. தொரட்டி போட்டு இழுத்ததில் ஒரு கிளையும் சேர்ந்து வந்தது. அந்தச் சேலை படபடவென்று அடித்துக்கொண்ட சத்தத்தைக் கேட்டதும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். போனில் பேசினால் நீ பேச்சை மாற்றிவிடுவாய்.

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பேசும்போது, தை மாதத்தில் நீங்கள் குடியிருக்கும் பாய்மரப் படகைப் புயல் அடித்ததைப் பற்றிச் சொல்லிவிட்டார். அவர்மேல் கோபித்துக்கொள்ளாதே. எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னார்.

ஜனவரி 24, வெள்ளிக்கிழமை. பொங்கல் முடிந்து பத்து நாள். அன்று ராத்திரி நீ அனுப்பிய செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. "இங்க கொஞ்சம் காத்துப்பா. கரண்ட் இல்லை. நாளைக்குப் பேசறேன்." கொஞ்சம் காற்று! அந்தப் புயலுக்கு எயோவின் என்று பெயர் வைத்திருந்தார்களாம். அயர்லாந்தின் மேற்குக் கரையில் மணிக்கு 183 கிலோமீட்டர் பதிவானதாம். ஸ்காட்லாந்தில் உங்கள் பக்கமெல்லாம் சிவப்பு எச்சரிக்கையாம். ஆறு மாதம் கழித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதையெல்லாம் நானே தேடிப் படித்தேன்.

முன்பக்கத்துக் கயிறு அறுந்து படகு மேடையில் மோத ஆரம்பித்ததாம். நின்றால் காற்று தள்ளிவிடும் என்று நீ அந்த மிதக்கும் மேடையில் தவழ்ந்தே போய் வேறு கயிறு கட்டினாயாம். விழுந்ததில் விலாவில் அடி, மூன்று வாரம் இருமக்கூட முடியவில்லையாம். மாசியில் வீடியோவில் பேசும்போது நீ ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாய். என்ன கண்ணு இப்படி உட்கார்ந்திருக்கிறாய் என்று உன் அம்மா கேட்டாள். "படகு சாஞ்சிருக்கும்மா" என்றாய். நாங்களும் சிரித்தோம்.

உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை கிடையாது. அது ஏன் என்று சொல்கிறேன்.

1999, அக்டோபர் கடைசி. உனக்கு ஐந்து வயது. சேலத்தில் லாரியில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு கல்கத்தாவுக்குப் போனேன். ஒரிசாவில் பத்ரக் தாண்டியதும் வானம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. 29ஆம் தேதி பாராதீப் பக்கம் புயல் கரையேறியது. சூப்பர் சைக்ளோன் என்று பிறகு பேப்பரில் போட்டார்கள். காற்று 260 கிலோமீட்டர் வேகம், ஏறக்குறைய பத்தாயிரம் உயிர் போயிற்று. நான் நின்ற இடம் அந்த நடுமையத்தில் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் ரோட்டின்மேல் தண்ணீர், முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி, நகர வழியில்லை. என்னோடு அந்தியூர்ப் பையன் ஒருவன் கிளீனர். அவனுக்குப் பத்தொன்பது வயதுதான் இருக்கும். ராத்திரி முழுக்க சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

ஜவ்வரிசி மூட்டையில் மழை இறங்கினால் லோடு முழுக்கக் கஞ்சிதான். ராத்திரி இரண்டு மணி வாக்கில் மேலே டப் டப்பென்று சத்தம். தார்ப்பாயின் மூலைக் கயிறு ஒன்று போய்விட்டது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஏறினேன். கயிற்றின் மற்ற இடமெல்லாம் புதுசுபோல இருந்தது. பாடியின் இரும்பு விளிம்பில் உரசிய அந்த ஒரு விரல்கடை இடம் மட்டும் நார் நாராகப் போயிருந்தது. காற்று இழுத்து அறுந்த கயிற்றை என் முப்பது வருஷத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை. உரசி அறுந்ததைத்தான் பார்த்திருக்கிறேன். உன் முன்கயிறும் அப்படித்தான் போயிருக்கும். கேட்டேன், மாப்பிள்ளையும் அதையேதான் சொன்னார். நைலான் கயிறு அலைக்கு நீண்டு கொடுக்கும், படகுக்கு அது நல்லது, ஆனால் நீண்டு சுருங்கும் ஒவ்வொரு தடவையும் விளிம்பில் ரம்பம் மாதிரி அறுக்கும் என்றார். இப்போது அந்த இடத்தில் பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டை மாட்டியிருக்கிறீர்களாமே. ரொம்ப நல்லது. நான் சாக்கை நான்காக மடித்து வைப்பேன். அன்றைக்கு வைக்கவில்லை.

தார்ப்பாயின் மூலையைக் கையில் பிடித்த நேரத்தில் அடியில் காற்று புகுந்துவிட்டது. காற்று புகுந்தால் அது தார்ப்பாய் இல்லை அம்மிணி, உன் படகுப் பாய்தான். என்னை அப்படியே தூக்கியது. கொக்கியில் கை மாட்டியதால் கீழே போகாமல் தப்பினேன். என் இடது உள்ளங்கையில் ஒரு தழும்பு இருக்கிறதே, ஜாக்கி நழுவியதில் வந்தது என்று உனக்குச் சொல்லியிருந்தேனே, அது ஜாக்கி இல்லை.

தண்ணீர் வடிந்து பாலசோர் போய்ச் சேர்ந்தபோது வீட்டைவிட்டுக் கிளம்பி ஒன்பது நாள் ஆகியிருந்தது. வேலை செய்த ஒரே எஸ்.டி.டி. பூத்தில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டேன். உன் அம்மா ஓடி வந்து எடுத்தாள். "வண்டியில கொஞ்சம் கோளாறு, அதான் லேட்டு" என்றேன். "சரிங்க, பார்த்து வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். நல்ல வேளை, இவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நிம்மதியாகக் கல்கத்தா போனேன்.

உன் கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கச் சாமான்களை நகர்த்தினோமே, அப்போது அரிசி டிரம்முக்கு அடியில் ஒரு பொட்டலம் கிடைத்தது. அந்த வாரத்துத் தினத்தந்தி அத்தனையும் மடித்து வைத்திருந்தாள். உள்ளே மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாய்க் காசு. சென்னிமலை ஆண்டவருக்கு வேண்டியது. எனக்கே தெரியாமல் போய்ச் செலுத்த முடியாமல், அப்படியே வைத்துவிட்டாளாம். என்ன இது என்று கேட்டேன். "நீங்க ஒண்ணும் நடக்கலைன்னு சொல்லிட்டீங்க. அப்புறம் நான் எதுக்காகன்னு கோயிலுக்குக் கூப்பிடறது?" என்றாள். ஒன்பது நாள் பயந்ததை என்னிடம் சொல்லி அழக்கூட அவளுக்கு வழி இல்லாமல் செய்திருக்கிறேன். பதினெட்டு வருஷம் கழித்துச் சென்னிமலைக்குப் போய் அந்தக் காசை உண்டியலில் போட்டோம். உனக்கு எதற்காக என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதனால்தான் கேட்கிறேன். மறைக்காதே.

அபிலாஷ் டோமி என்கிற கடற்படைக்காரரைப் பற்றி மாப்பிள்ளை சொன்னார். 2018இல் தனியாக உலகைச் சுற்றும் பந்தயத்தில் போனவர். தெற்கு இந்தியப் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து ஏறக்குறைய 1,900 கடல் மைலுக்கு அப்பால் படகு புரண்டு பாய்மரம் முறிந்துவிட்டது. முதுகில் பலத்த அடி, எழ முடியவில்லை என்று உள்ளதை உள்ளபடி நாலு வார்த்தையில் செய்தி அனுப்பினார். மூன்று நாளில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று வந்து எடுத்தது. அவர் அங்கே "கொஞ்சம் காற்று" என்று அனுப்பியிருந்தால் யார் வந்திருப்பார்கள்? பிறகு முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டு, 2022இல் கிளம்பிய அதே பந்தயத்தில் மறுபடி கலந்துகொண்டு இரண்டாவதாக வந்திருக்கிறார். இதை மட்டும் உன் அம்மாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவள் அதற்கு மேல் போய்விட்டாள். "புதுச்சேரிப் பொண்ணு ரூபாவும் கோழிக்கோட்டுப் பொண்ணு தில்னாவும் ரெண்டே பேரா தாரிணிங்கிற பாய்மரப் படகுல உலகத்தையே சுத்திட்டு மே மாசம் கோவாவுல வந்து இறங்கியாச்சு. உங்க பொண்ணு கட்டின இடத்துல நிக்கிறா" என்கிறாள். அது 56 அடி, உங்களுடையது 32 அடி என்றேன். காதில் வாங்கவில்லை.

ஊரில் கேட்கத்தான் செய்கிறார்கள். போன வாரம்கூட ஒரு பங்காளி, "கடல்ல என்ன குடித்தனம், வீடு வாங்கச் சொல்லக் கூடாதா?" என்றான். நான் முப்பது வருஷம் லாரி கேபினில் குடித்தனம் செய்தேனே, அப்போது கேட்டாயா என்றேன். எனக்கு இந்தப் படகு பிடித்திருக்கிறது என்று அர்த்தமில்லை. உன்னைவிட மூத்த படகு, உள்ளே நிமிர்ந்து நின்றால் மாப்பிள்ளைக்குத் தலை இடிக்கிறது, குளிர் காலத்தில் சுவரெல்லாம் வேர்க்கிறது. நீ முதன்முதலில் படகு ஏறியது பூலாம்பட்டியில். நெருஞ்சிப்பேட்டைக்குப் போய்ச் சேரும்வரை என் வேட்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாய். அந்தப் பிள்ளையா இது என்று இருக்கிறது.

ஆனால் சில விஷயங்களில் உங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆட்டத்தில் கட்டிலிலிருந்து உருளாமல் இருக்க ஒரு துணியை இழுத்துக் கட்டிப் படுக்கிறாயே, அது நம் தூளியேதான். உன் அம்மாயி பார்த்திருந்தால் சிரித்திருப்பாள். இறுகாத முடிச்சு என்று வீடியோவில் போட்டுக் காட்டினாய். அது மாட்டுக் கழுத்தில் நாம் போடுவது. அப்புறம் பிபிசி ரேடியோவில் வரும் அந்தக் கடல் வானிலை அறிக்கை. மாலின், ஹெப்ரிடீஸ், பெய்லி என்று கடலின் பெயர்களை ஒருவர் வரிசையாகப் படிக்க, எனக்கு ஈரோடு பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் பவானி, அந்தியூர், கோபி என்று கூவுவது ஞாபகம் வந்தது. புயல் 'சீக்கிரம்' என்றால் ஆறு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள், 'பிறகு' என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் என்று வார்த்தைக்குக் கணக்கு வைத்திருக்கிறார்களே, அது பிரமாதம். நாங்கள் இந்த ஊரில் 'இதோ வந்துட்டேன்' என்பதற்கு அரை நாள் காத்திருக்கிறோம்.

இந்தக் குளிர் காலமும் படகில்தான் என்று முடிவு செய்துவிட்டீர்கள். சரி. இனி காற்று வந்தால் எனக்கு மூன்றே மூன்று விஷயம் எழுது. காற்று எத்தனை நாட், அதாவது மணிக்கு எத்தனை கடல் மைல். எத்தனை கயிறு கட்டியிருக்கிறாய். ராத்திரி எங்கே படுக்கிறாய், படகிலா கரையிலா. நீ அனுப்பிய காற்று வேகப் பட்டியலை அச்செடுத்துக் காலண்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். எட்டாம் எண் என்றால் 34 முதல் 40 நாட், அதாவது 74 கிலோமீட்டர் வரை. அதற்குள் இருந்தால் தூங்கப் போவேன். பன்னிரண்டாம் எண் என்று எழுதினால் விழித்திருப்பேன், போன் செய்ய மாட்டேன். கயிறு கட்டும் ஆளைப் போனில் கூப்பிடக் கூடாது என்று எனக்குத் தெரியும். அடி பட்டால் அடி பட்டது என்று எழுது. உன் அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். காசு முடிவதென்றால் இரண்டு பேருமாக முடிகிறோம்.

ஒன்று மட்டும் அப்பாவின் கட்டளை. ஹீட்டரைப் போட்டுவிட்டு எல்லாக் கதவையும் அடைத்துப் படுக்காதே. கேபினில் ஸ்டவ்வைப் பற்றவைத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்கி, காலையில் எழாமல் போனவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையே வராது. அந்த வாயுவுக்கு அலாரம் மாட்டியிருப்பதாகச் சொன்னாய். பேட்டரி மாற்றிய தேதியை அதன்மேலேயே எழுதி ஒட்டு.

சொல்ல மறந்துவிட்டேன். எத்தனை ஆட்டத்திலும் குக்கர் மட்டும் சிந்துவதில்லை, மூடி பூட்டிக்கொள்கிறது, அரிசியும் பருப்பும் சாதம்தான் வாரத்தில் நான்கு நாள் என்றாயே, அதிலிருந்து உன் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டுப் பையன் ஆவணியில் கிளாஸ்கோவுக்குப் படிக்க வருகிறான். அவனிடம் துவரம்பருப்பும் கறிவேப்பிலைப் பொடியும் கொடுத்தனுப்பப் போகிறாள். குக்கருக்கு ரப்பர் வளையமும் இரண்டு வாங்க வேண்டுமாம். உன்னுடையது மூன்று லிட்டரா, ஐந்து லிட்டரா? ஆடிப் பதினெட்டுக்குப் பவானி கூடுதுறை போகும்போது ஈரோட்டில் வாங்கிக்கொள்கிறோம். அதற்குள் எழுது.

அப்பா