கொழும்பில் தேங்கும் கரூர்த் துண்டுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2023 நவம்பரில் செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்களின் தாக்குதல்கள் தொடங்கியபின், ஐரோப்பா செல்லும் பெரும்பாலான சரக்குப் பெட்டக (கன்டெய்னர்) கப்பல்கள் சூயஸ் கால்வாயைத் தவிர்த்து ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றதால், பயணம் 10 முதல் 14 நாள் வரை நீண்டது பலரும் அறிந்ததே. அதிகம் பேசப்படாதது, அதனால் கொழும்புத் துறைமுகத்தில் ஏற்பட்ட நெரிசல். தூத்துக்குடியிலிருந்து சிறு கப்பலில் அங்கே போய்ப் பெரிய கப்பலுக்கு மாறவேண்டிய பெட்டகங்கள், அந்தப் பெரிய கப்பலின் அட்டவணை தவறும்போது துறைமுக முற்றத்திலேயே அடுக்கப்பட்டுக் கிடக்கின்றன. 2024-இல் ஹாம்பர்க் நகருக்கு நான் அனுப்பிய சமையலறைத் துண்டுகள் மூன்று வாரம் அப்படிக் கிடந்ததில், பெட்டகத்தின் உட்கூரை வியர்த்து நீர் சொட்டி, மேலடுக்கு அட்டைப்பெட்டிகள் ஊறிப்போயின. வாங்கியவர் விலையைக் குறைத்தார். கப்பல் முகவரோ, தாமதத்துக்குத் தாம் பொறுப்பல்ல என்று சரக்கு ஆவணத்தின் பின்பக்கப் பொடியெழுத்தைக் காட்டினார். (அதைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும்.)

பெட்டகம் எந்தக் கப்பலுக்காக எங்கே காத்திருக்கிறது என்பதை ஏற்றுமதியாளருக்கு அன்றாடம் தெரிவிப்பதைக் கட்டாயமாக்குவதோடு, 2025 மே 2 அன்று முறைப்படி திறக்கப்பட்ட கேரளத்தின் விழிஞ்ஞம் ஆழ்கடல் துறைமுகத்துக்குத் தூத்துக்குடியிலிருந்து நாள் தவறாத இணைப்புக் கப்பல் விடுவதையும் மத்திய கப்பல் அமைச்சகம் பரிசீலிக்க வேண்டும்.

இப்படிக்கு,
சிறு ஏற்றுமதியாளர் ஒருவர்,
கரூர்